வாயு எவ்வளவு, தூசி எவ்வளவு: கருந்துளையைச் சுற்றிய திரையை அளக்க முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலில் ஒரே வாரத்தில் சூரியன் இரண்டு விதமாக மங்குவதைப் பார்த்திருக்கிறேன். மார்ச் மாதத்தில் சரிவில் எங்காவது காய்ந்த புல் பற்றிக்கொண்டால் புகை பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும். அன்று மாலை கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் சூரியன் செம்புத் தட்டு போலத் தெரியும். கீழே பெரியகுளத்து விளக்குகள்கூட வழக்கத்தைவிட மஞ்சளாக இருக்கும். இரண்டு நாள் கழித்து ஒரு மழை பெய்து மூடுபனி ஏறும். அப்போதும் சூரியன் மங்கும், சில நேரம் முழுக்க மறையும். ஆனால் சிவக்காது. வெள்ளை வட்டமாக இருந்து வெள்ளையாகவே காணாமல் போகும்.

துகளின் அளவுதான் காரணம். புகைத் துகள் ஒரு மைக்ரானில் சிறு பங்குதான், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. அதனால் அது நீலத்தை அதிகமாகச் சிதறடித்துச் சிவப்பை ஓரளவு விட்டுவிடும். மூடுபனித் துளியோ பத்து மைக்ரான் வாக்கில் இருக்கும். அதற்கு நீலமும் சிவப்பும் ஒன்றுதான், எல்லாவற்றையும் சமமாக மறைக்கும். மழைக்குப் பிறகு வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும் நாளில் மூன்றாவது ஒன்றும் உண்டு. காற்றில் தூசியும் இல்லை, பனியும் இல்லை, சூரிய ஒளி மங்கவும் இல்லை. ஆனால் அதை நிறமாலைமானியில் விட்டால் நடுநடுவே கறுப்புக் கோடுகள் இருக்கும். சில சூரியனின் வாயுவால் வந்தவை, சில நம் காற்றின் ஆக்ஸிஜனால் வந்தவை. நிறத்தை மாற்றாமல், தனக்கு வேண்டிய அலைநீளத்தை மட்டும் எடுத்துக்கொள்வது வாயுவின் வேலை.

புகை, பனி, வாயு என்ற இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால், கோடிக்கணக்கான ஒளியாண்டு தொலைவில் ஒரு கேலக்ஸியின் மையத்தில் இருக்கும் பெருங்கருந்துளையின் முன்னால் என்ன திரை தொங்குகிறது என்று அளக்கலாம். வானியலில் இந்த மையங்களைச் செயல்மிகு கேலக்ஸி மையம் என்போம், சுருக்கமாக ஏஜிஎன். தூசியை அளந்துவிட்டு வாயுவை ஊகிக்காதீர்கள், வாயுவை அளந்துவிட்டுத் தூசியை ஊகிக்காதீர்கள் என்று என்னிடம் வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். இரண்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிடிப்பதற்குத்தான்.

தொடங்குமுன்: இரண்டு சிவப்புகள்

தமிழில் படிக்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. செம்பெயர்ச்சி என்பது பிரபஞ்சம் விரிவதால் எல்லாக் கோடுகளும் நீண்ட அலைநீளத்துக்கு நகர்வது. அதில் கோடுகளின் இடம் மாறும். தூசியால் வரும் செம்மை வேறு. அதில் எந்தக் கோடும் நகராது, நீலப் பக்கம் மட்டும் வலுவிழக்கும். 1963ல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற குவேசாரின் (மிகப் பிரகாசமான ஏஜிஎன்) கோடுகள் 15.8 விழுக்காடு நகர்ந்திருப்பதைக் கண்டது முதல் வகை. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. முதலாவதைத் திருத்தாமல் இரண்டாவதை அளக்க முடியாது என்பதால் அதுவும் நடுவில் வரும்.

முதல் படி: எது எங்கே இருக்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் புள்ளி வையுங்கள், அது கருந்துளை. அதைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கும் பொருளின் தட்டையான வட்டு. புறஊதாவும் நீல ஒளியும் அங்கிருந்து வருகின்றன. எக்ஸ் கதிர் அதைவிடவும் உள்ளே, புள்ளியை ஒட்டிய சின்ன இடத்திலிருந்து வருகிறது. வட்டுக்கு வெளியே நொடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் வாயு. அந்த வேகத்தால் அதன் நிறமாலைக் கோடுகள் அகன்று தெரியும். அதற்கும் வெளியே தூசியும் வாயுவும் கலந்த தடித்த வளையம். உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள், ஓட்டையின் நடுவில் கருந்துளை. வடைக்கு மேலும் கீழும் நூற்றுக்கணக்கான பார்செக் (ஒரு பார்செக் சுமார் மூன்றேகால் ஒளியாண்டு) தூரம் வரை பரவிக் கிடப்பது சில நூறு கிலோமீட்டர் வேகத்து வாயு. அதன் கோடுகள் குறுகலானவை.

வடையை மேலிருந்து பார்த்தால் ஓட்டை வழியாக எல்லாம் தெரியும். அகன்ற கோடு, குறுகிய கோடு இரண்டும் வரும், இது வகை 1. பக்கவாட்டில் பார்த்தால் வடையின் சதை மறைத்துவிடும். குறுகிய கோடு மட்டும் வரும், இது வகை 2. இப்படிப்பட்ட கேலக்ஸிகளை 1943ல் கார்ல் செய்ஃபர்ட் அடையாளம் கண்டார். இரண்டு வகையாகப் பிரித்தவர்கள் கச்சிக்கியானும் வீட்மனும், 1974ல். இரண்டும் ஒரே பொருள்தான், பார்க்கும் கோணம்தான் வேறு என்பதற்கு உறுதியான சான்று 1985ல் வந்தது. வகை 2 என்று வைத்திருந்த என்ஜிசி 1068 என்ற கேலக்ஸியின் ஒளியில் முனைவுற்ற, அதாவது ஒரே திசையில் அதிரும், பங்கை மட்டும் ஆன்டனூச்சியும் மில்லரும் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே மறைந்திருந்த அகன்ற கோடுகள் அதில் தெரிந்தன. நேராக வர வழியில்லாத ஒளி, மேலே இருந்த எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறி நம் பக்கம் திரும்பியிருக்கிறது. சுவருக்கு அப்பால் எரியும் விளக்கை எதிர் வீட்டுச் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து அறிவது போல. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த அளவீடு அதுதான்.

படத்தில் இன்னொன்றையும் குறியுங்கள். தூசிக்கு ஓர் உள் எல்லை உண்டு. ஏறக்குறைய 1500 கெல்வினைத் தாண்டினால் தூசித் துகள் ஆவியாகிவிடும். நொடிக்கு 10⁴⁵ எர்க் புறஊதா ஒளி விடும் மையத்தைச் சுற்றி இந்த எல்லை சுமார் 0.4 பார்செக், அதாவது ஒன்றேகால் ஒளியாண்டு சொச்சம். ஒளி நூறு மடங்கு குறைந்தால் எல்லை பத்து மடங்கு சுருங்கும், ஒளியின் வர்க்கமூலத்தோடு போகும் கணக்கு இது. அந்த எல்லைக்கு உள்ளே வாயு இருக்கலாம், தூசி இருக்க முடியாது. ஒரு மாணவி கேட்டாள்: “தூசி இல்லாம வாயு மட்டும் எப்படி சார் தனியா நிக்கும்?” விடை இந்த எல்லைக்குள் இருக்கிறது. கோட்டைச் சிவப்புப் பேனாவால் போடுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் படி: தரவு

தொலைநோக்கி வேண்டாம். ஸ்லோன் வானளவை எடுத்த லட்சக்கணக்கான நிறமாலைகள் யாருக்கும் இலவசம். எக்ஸ் கதிர்த் தரவுகள் நாசாவின் காப்பகத்தில் கிடைக்கும். 2015 செப்டம்பரில் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட் ஒரே நேரத்தில் புறஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் பார்க்கக்கூடியது. அதன் புறஊதாத் தொலைநோக்கியை உருவாக்கியதில் முன்னின்றது இந்திய வானியற்பியல் நிறுவனம். நம் மலை மேல் இருக்கும் சூரிய ஆய்வகமும் அதே நிறுவனத்தைச் சேர்ந்தது என்பதை இங்குள்ள பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும்.

முதல் முயற்சிக்குச் செம்பெயர்ச்சி குறைந்த, 0.1க்கும் கீழான ஒரு பொருளை எடுங்கள். ஹெச்-ஆல்ஃபா (6563 ஆங்ஸ்ட்ராம்), ஹெச்-பீட்டா (4861) ஆகிய இரண்டு ஹைட்ரஜன் கோடுகளும் ஒரே நிறமாலையில் விழ வேண்டும். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மைக்ரானில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

மூன்றாம் படி: நம் வீட்டுத் தூசியை முதலில் துடையுங்கள்

ஒளி நம்மிடம் வரும்போது கடைசியாக நம் பால்வெளியின் தூசியைக் கடக்கிறது. பால்வெளித் தளத்தில் தூசி ஒளியை மறைக்கிறது என்று 1930ல் டிரம்ப்ளர் நிறுவினார். இன்று வானத்தின் எந்தத் திசைக்கும் எவ்வளவு தூசி என்று வரைபடம் உண்டு. ஷ்லீகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் ஆகியோர் 1998ல் வெளியிட்டதை 2011ல் ஷ்லாஃப்ளியும் ஃபிங்க்பைனரும் திருத்தினார்கள். திருத்தியதையே எடுங்கள், பழையது சுமார் 14 விழுக்காடு கூடுதலாகக் காட்டும்.

வரிசையில் கவனம் வேண்டும். பால்வெளித் தூசியை நாம் பெற்ற அலைநீளத்திலேயே திருத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் செம்பெயர்ச்சியை நீக்கிப் பொருளின் சொந்த அலைநீளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பொருளைச் சுற்றிய தூசியை அதற்கப்புறம்தான் தொடலாம். நான் கற்றுக்கொண்ட காலத்தில் முதல் இரண்டையும் மாற்றிச் செய்து, ஒரு மாதக் கணக்கைத் திரும்பப் போட்டிருக்கிறேன். செம்பெயர்ச்சி சிறியதாக இருந்தால் வித்தியாசம் தெரியாது. அதனாலேயே பிழை கண்ணில் படாமல் போய், தொலைவான பொருளுக்குப் போகும்போது பெரிதாக வெடிக்கும்.

நான்காம் படி: விண்மீன் ஒளியைக் கழித்து, கோடுகளை அளக்கவும்

மையத்தோடு சேர்ந்து அந்தக் கேலக்ஸியின் விண்மீன்களும் உங்கள் நிறமாலைக்குள் இருக்கும். அவற்றின் வளிமண்டலம் ஹெச்-பீட்டா இருக்கும் அதே இடத்தில் ஒரு பள்ளம் வெட்டும். ஹெச்-ஆல்ஃபாவிலும் பள்ளம் உண்டு, ஆனால் அந்தக் கோடு வலுவானது என்பதால் பாதிப்பு குறைவு. பள்ளத்தைக் கவனிக்காமல் அளந்தால் ஹெச்-பீட்டா குறைவாகத் தெரியும், இல்லாத தூசி இருப்பது போல ஆகிவிடும். விண்மீன் மாதிரிகளைப் பொருத்திக் கழிக்க இலவச மென்பொருள்கள் நிறையவே இருக்கின்றன. இந்த வேலையைச் சோம்பல்பட்டு விடாதீர்கள். நான் பார்த்த தவறான தூசி மதிப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறந்தன.

அப்புறம் ஹெச்-ஆல்ஃபாவின் இரு தோளிலும் நைட்ரஜன் கோடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும், 6548லும் 6584லும். அவற்றின் வலு ஏறக்குறைய ஒன்றுக்கு மூன்று என்று இயற்பியலே கட்டிப்போட்டிருக்கிறது. பொருத்தும்போது அந்த விகிதத்தைப் பூட்டிவிடுங்கள். ஆக்ஸிஜனின் 4959, 5007 கோடுகளுக்கும் அதே போல ஒன்றுக்கு மூன்று. இவற்றை வைத்து உங்கள் பொருத்தம் சரியா என்று சோதிக்கலாம்.

ஐந்தாம் படி: இரண்டு ஹைட்ரஜன் கோடுகளிலிருந்து தூசி

பத்தாயிரம் கெல்வின் வெப்பத்தில், அடர்த்தி குறைந்த வாயுவில், ஹெச்-ஆல்ஃபா ஹெச்-பீட்டாவைப் போல 2.86 மடங்கு இருக்க வேண்டும் என்பது அணு இயற்பியல் தரும் விடை. ஏஜிஎன் பக்கத்துக் குறுகிய கோடுகளுக்கு 3.1 என்று எடுப்பது வழக்கம். கடினமான கதிர் வாயுவுக்குள் ஆழமாக நுழைவதால், எலக்ட்ரான் மோதல்கள் ஹெச்-ஆல்ஃபாவுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொடுக்கின்றன. தூசி இருந்தால் நீலப் பக்கத்து ஹெச்-பீட்டா அதிகமாக அடிபடும், விகிதம் ஏறும். ஏறிய அளவுதான் தூசியின் அளவு.

பால்வெளித் தூசி விதியை எடுத்துக்கொண்டால் கணக்கு இது:

நிற மிகுதி = 2.33 × மடக்கை (அளந்த விகிதம் ÷ இயல்பு விகிதம்)

மடக்கை பத்தடிமானம். நிற மிகுதி என்பது நீல வடிகட்டியில் வரும் மறைவுக்கும் மஞ்சள்-பச்சை வடிகட்டியில் வரும் மறைவுக்கும் உள்ள வேறுபாடு, வானியலின் பிரகாச அலகான மேக்னிடியூட்டில்.

ஒரு கணக்கு போடுவோம். ஹெச்-பீட்டா 100 என்றால் ஹெச்-ஆல்ஃபா 620 என்று அளந்தீர்கள். விகிதம் 6.2. அதை 3.1ஆல் வகுத்தால் 2. இரண்டின் மடக்கை 0.301. 2.33ஆல் பெருக்கினால் நிற மிகுதி 0.70. பால்வெளித் தூசிக்கு மொத்த மறைவு நிற மிகுதியைப் போல 3.1 மடங்கு, ஆக 2.17 மேக்னிடியூட். மஞ்சள்-பச்சை ஒளியில் ஏழில் ஒரு பங்குதான் நம்மிடம் வந்திருக்கிறது. சரிபார்க்க வேண்டுமா? இதே விதிப்படி ஹெச்-பீட்டா பத்தில் ஒரு பங்காகவும் ஹெச்-ஆல்ஃபா ஐந்தில் ஒரு பங்காகவும் குறைந்திருக்கும். ஆகவே விகிதம் இரட்டிப்பு, எடுத்த இடத்துக்கே வந்துவிட்டோம். 1500 ஆங்ஸ்ட்ராம் புறஊதாவிலோ நூற்றில் ஒரு பங்குகூட தப்பி வராது.

இந்த எண் குறுகிய கோடுகள் பிறக்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் தூசியைத்தான் சொல்கிறது. அந்த இடம் வடைக்கு வெளியே, பல நூறு பார்செக் விரிந்தது. மையத்துக்கு முன்னால் எவ்வளவு தூசி என்று அது சொல்லாது. அதை அறிய அகன்ற கோடுகளின் விகிதத்தைப் பார்க்க வேண்டும், அங்கே வேறு சிக்கல். அகன்ற கோட்டு வாயு மிக அடர்த்தியானது, 2.86 என்ற விடைக்கான நிபந்தனைகள் அங்கே பொருந்தாது. தூசியில்லாத நீலக் குவேசார்களில் அகன்ற கோட்டு விகிதம் சராசரியாக 3ஐ ஒட்டித்தான் இருக்கிறது என்பது ஆறுதல். ஆனாலும் ஒவ்வொரு பொருளுக்கும் அது மாறும். அதனால் அகன்ற கோட்டிலிருந்து எடுத்த தூசி மதிப்பின் பிழை அளவைத் தாராளமாகவே எழுதுங்கள். சில பொருள்களில் ஹெச்-ஆல்ஃபாவில் மட்டும் அகன்ற அடி தெரியும், ஹெச்-பீட்டாவில் தெரியாது. ஆஸ்டர்பிராக் இவற்றுக்கு வகை 1.9 என்று பெயர் வைத்தார். புகை நாளில் நீல விளக்கு மறைந்து சிவப்பு விளக்கு மட்டும் தெரிவது போல, இதற்குப் பெரும்பாலும் தூசிதான் காரணம்.

ஆறாம் படி: எந்தத் தூசி விதி?

மேலே பால்வெளித் தூசி என்று எடுத்துக்கொண்டோம். அது ஒரு வசதி, அவ்வளவுதான். நம் பால்வெளித் தூசிக்கு 2175 ஆங்ஸ்ட்ராமில் ஒரு மேடு உண்டு, அங்கே மறைவு திடீரென்று கூடும். சிவந்த குவேசார்களில் அந்த மேடு பெரும்பாலும் இருப்பதில்லை. நம் பக்கத்துக் குட்டி கேலக்ஸியான சிறு மெகல்லன் மேகத்தின் தூசி போல, மேடு இல்லாமல் புறஊதாவை நோக்கி நெட்டாக ஏறும் விதிதான் அவற்றுக்குப் பொருந்துகிறது. வேறு சில ஆய்வாளர்கள் மையத்துக்கு அருகில் விதி கிட்டத்தட்டத் தட்டையானது, அதாவது சிவக்காமலே மறைக்கும் வகை என்று வாதிட்டிருக்கிறார்கள். பெரிய துகள்கள், நம் மூடுபனி.

செய்ய வேண்டியது: நிறமாலையின் தொடர்ச்சியை, கோடுகள் இல்லாத இடங்களை, தூசியில்லாத குவேசார்களின் சராசரி நிறமாலையோடு ஒப்பிட்டு, இரண்டு விதிகளிலும் தனித்தனியே நிற மிகுதியைக் கண்டுபிடியுங்கள். இரண்டு விடைகளையும் எழுதுங்கள். இடையே உள்ள தூரமே உங்கள் அறியாமையின் அளவு. ஆனால் தட்டையான மறைவை நிறத்தை வைத்துப் பிடிக்கவே முடியாது. வெள்ளையாகவே மங்கிய சூரியன் மங்கியதா, அல்லது இயல்பிலேயே மங்கலா என்று நிறம் சொல்லாது அல்லவா? அதற்காகத்தான் எக்ஸ் கதிர் வேண்டும்.

ஏழாம் படி: எக்ஸ் கதிரில் வாயு

எக்ஸ் கதிரை மறைப்பது பெரும்பாலும் அணுக்களின் உள் எலக்ட்ரான்கள். ஆக்ஸிஜனும் இரும்பும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. அணு வாயுவாக மிதந்தாலும் தூசித் துகளுக்குள் அடைபட்டிருந்தாலும் எக்ஸ் கதிருக்கு அதிக வித்தியாசம் கிடையாது. அளவை மட்டும் ஹைட்ரஜன் கணக்கில் சொல்வது மரபு. பார்வைக் கோட்டில் ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்களவு கொண்ட நீண்ட தூணை நினைத்துக்கொண்டு, அதற்குள் எத்தனை ஹைட்ரஜன் அணு என்று எண்ணுவது. இதுதான் தூண் அடர்த்தி.

குறைந்த ஆற்றல் கதிர் முதலில் வெட்டுப்படும், ஆற்றல் கூடக்கூட வெட்டு வேகமாகக் குறையும். ஆகவே நிறமாலை எந்த ஆற்றலில் வளைந்து விழுகிறது என்று பார்த்தாலே தூண் அடர்த்தி தெரிந்துவிடும். 10²² என்றால் வளைவு ஒன்றரை கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (எக்ஸ் கதிரின் ஆற்றல் அலகு) சற்றுக் கீழே. 10²³ என்றால் மூன்றரை வாக்கில். 10²⁴ வந்துவிட்டால் பத்தை நெருங்கும். 10²²க்கு மேல் இருப்பவற்றை மறைக்கப்பட்டவை என்று சொல்வது வழக்கம்.

1.5 × 10²⁴ஐத் தாண்டினால் கதை மாறும். அங்கே எலக்ட்ரான் சிதறலே ஒளியைத் தடுத்துவிடும். பத்து கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே நேர் ஒளி எதுவும் வராது, சுற்றுச்சுவரில் பட்டுத் திரும்பியது மட்டும் வரும். இந்தப் பொருள்களை வளைவைப் பார்த்து அளக்கப் போனால், வளைவே இல்லை, வாயுவே இல்லை என்று தவறான விடை கிடைக்கும். இரும்பின் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கோடுதான் காட்டிக்கொடுக்கும். நேர் ஒளி மறைந்துவிட்டதால், சுவரில் பிறந்த அந்தக் கோடு பின்னணியை ஒப்பிட மிக உயரமாக நிற்கும். என்ஜிசி 1068 அப்படிப்பட்டதுதான். எக்ஸ் கதிர் மங்கலாகவும், 5007 ஆக்ஸிஜன் கோடு மிகப் பிரகாசமாகவும் இருந்தாலே சந்தேகப்படுங்கள்.

பால்வெளி வாயுவைக் கழிக்க மறந்துவிடாதீர்கள், அதற்கும் வானம் முழுதும் 21 சென்டிமீட்டர் அலையில் எடுத்த வரைபடம் இருக்கிறது.

எட்டாம் படி: இரண்டு எண்களையும் எதிரெதிரே வையுங்கள்

பால்வெளியில் வாயுவும் தூசியும் நன்றாகக் கலந்திருக்கின்றன. அங்கே நிற மிகுதி ஒன்றுக்கு 5.8 × 10²¹ ஹைட்ரஜன் அணுக்கள் என்று 1978ல் போலின், சாவேஜ், டிரேக் ஆகியோர் கண்டார்கள். நம் உதாரணத்தில் நிற மிகுதி 0.70, ஆகவே தூண் அடர்த்தி 4 × 10²¹ இருக்க வேண்டும். எக்ஸ் கதிரில் அளந்தால் 10²³ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்த்ததைப் போல 25 மடங்கு வாயு. கணக்கில் தப்பா?

தப்பு இல்லாமலே இப்படி வரும். 2001ல் மயோலீனோவும் கூட்டாளிகளும் இப்படிப் பல ஏஜிஎன்களை ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவற்றில் வாயுவுக்கான தூசி மறைவு பால்வெளியைவிட மூன்றிலிருந்து நூறு மடங்கு குறைவாக இருந்தது. ஏன் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. மூன்று வழிகள் உண்டு, மூன்றையும் உங்கள் பொருளில் சோதித்துப் பார்க்கலாம்.

ஒன்று, முதல் படியில் போட்ட சிவப்புக் கோடு. எக்ஸ் கதிரை மறைக்கும் வாயு தூசி எல்லைக்கு உள்ளே, அகன்ற கோட்டு மேகங்களுக்குள்ளேயே இருக்கலாம். இது உண்மையானால் எக்ஸ் கதிர் மறைவு நாள், வாரக் கணக்கில் மாற வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பது வேகமாகச் சுழலும். என்ஜிசி 1365ல் ரிசாலிட்டியும் குழுவினரும் அதையே பார்த்தார்கள். சில நாட்களுக்குள் ஒரு மேகம் எக்ஸ் கதிர் மூலத்தை முழுக்க மூடி விலகியது, கிரகணம் போல. என் கருத்தில், மூன்றில் மிக வலுவான விளக்கம் இதுதான். நேரில் பிடிபட்ட சாட்சி இருக்கிறது.

இரண்டாவது, மூடுபனி வழி. அடர்ந்த இடத்தில் சிறு துகள்கள் ஒட்டிப் பெரிதாகி, மறைத்தாலும் சிவக்க வைக்காமல் இருக்கலாம். அகச்சிவப்பில் 9.7 மைக்ரானில் மணல் வகைத் துகள்களின் தனி அடையாளம் உண்டு. அதன் வடிவமும் ஆழமும் துகளின் அளவைப் பற்றித் துப்பு தரும். வகை 2ல் அது பள்ளமாகவும், வகை 1ல் சில நேரம் மேடாகவும் தெரியும்.

மூன்றாவது ஒன்றை நான் எப்போதும் முதலில் சோதிப்பேன், ஏனென்றால் அது இயற்பியலே இல்லை. நீங்கள் இரண்டு வெவ்வேறு பார்வைக் கோடுகளை ஒப்பிடுகிறீர்கள். குறுகிய கோடுகளின் தூசி பல நூறு பார்செக் பரப்புக்குச் சராசரி, எக்ஸ் கதிரின் வாயு ஊசிமுனை அளவு மையத்துக்கு மட்டும். கொடைக்கானல் ஊரின் சராசரிப் புகையை அளந்துவிட்டு, வட்டக்கானலில் ஒரே ஒரு வீட்டு அடுப்பின் முன்னால் எவ்வளவு புகை என்று கேட்பது போல. சரியான ஒப்பீட்டுக்கு அகன்ற கோட்டுத் தூசியை எடுங்கள்.

எதிர்ப்புறமும் நடக்கும். ஒளி நிறையச் சிவந்திருக்கும், எக்ஸ் கதிரில் வாயு குறைவாக இருக்கும். கேலக்ஸியின் சொந்தத் தூசிப் பட்டை, மையத்திலிருந்து ஆயிரக்கணக்கான பார்செக் தள்ளி, தற்செயலாக நடுவில் நிற்பதே பல நேரம் காரணம். படத்தை எடுத்துப் பாருங்கள், கேலக்ஸி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

ஒன்பதாம் படி: வாயுவின் கறுப்புக் கோடுகள்

எக்ஸ் கதிர் வாயு எவ்வளவு என்று சொல்லும். எங்கே போகிறது என்று கோடுகள்தான் சொல்லும். 1909ல் கொடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளின் கோடுகள் சற்றே நகர்ந்திருப்பதைப் பார்த்தார், வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். அதே டாப்ளர் முறைதான் இங்கும். உட்கவர் கோடு, அதாவது வாயு ஒளியை எடுத்துக்கொண்ட கறுப்புக் கோடு, நீலப் பக்கம் நகர்ந்திருந்தால் வாயு மையத்திலிருந்து நம்மை நோக்கி வீசுகிறது.

எளிதானது சோடியத்தின் இரட்டைக் கோடு, 5890, 5896. தூசியோடு சேர்ந்த குளிர்ந்த வாயுவை இது காட்டும், ஏனெனில் சோடியம் அணு எளிதில் எலக்ட்ரானை இழந்துவிடும், தூசி நிழல் கொடுத்தால்தான் பிழைக்கும். மார்க்கேரியன் 231 என்ற கேலக்ஸியில் இந்தக் கோடு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து ஆழமாகத் தெரிகிறது. புறஊதாவில் மூன்று எலக்ட்ரான் இழந்த கார்பனின் 1548, 1551 இரட்டைக் கோடு சூடான காற்றைக் காட்டும். பள்ளம் நொடிக்கு 2000 கிலோமீட்டருக்கும் மேல் அகன்றிருந்தால் அது அகன்ற உட்கவர் குவேசார்.

இரட்டைக் கோட்டில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு வலுவாகக் கவர வேண்டும். இரண்டும் சம ஆழத்தில் இருந்து, ஆனால் பூச்சியத்தைத் தொடாமல் பாதியில் நின்றால் என்ன பொருள்? வாயு மிகுதியாக இருக்கிறது, ஆனால் மூலத்தின் பாதியை மட்டும் மூடுகிறது. மலைச்சரிவில் பாதி ஊரின் மேல் அடர்ந்த மேகம் இறங்கி, மீதி விளக்குகள் பளிச்சென்று தெரிவது போல. இதைக் கவனிக்காமல் ஆழத்தை மட்டும் பார்த்தால் வாயுவை மிகக் குறைவாகக் கணக்கிட்டுவிடுவீர்கள். இரண்டு கோடுகளையும் சேர்த்துப் பொருத்தினால் மூடும் பங்கும் தூண் அடர்த்தியும் தனித்தனியே கிடைக்கும்.

ரேடியோவில் பிரகாசமான மையமாக இருந்தால் நடுநிலை ஹைட்ரஜனை 21 சென்டிமீட்டர் அலையிலும் பிடிக்கலாம். தூண் அடர்த்தி = 1.82 × 10¹⁸ × வாயுவின் வெப்பம் × கோட்டின் பரப்பு. பத்தில் ஒரு பங்கு ஒளியியல் ஆழம் (வாயு அலையை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு), நொடிக்கு நூறு கிலோமீட்டர் அகலம், நூறு கெல்வின் வெப்பம் என்றால் 1.8 × 10²¹. மையத்துக்கு அருகில் வெப்பம் ஆயிரக்கணக்கான கெல்வினாக இருக்கலாம், அப்போது விடையும் அதே மடங்கில் ஏறும். தூசி இந்த அலையை ஒன்றுமே செய்யாது என்பது இதன் பெருமை.

நீலகிரியில் முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்குச் சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கோவிந்த் ஸ்வரூப் வழிகாட்டலில் 1970ல் செயல்படத் தொடங்கியது. அந்தச் சரிவு கிட்டத்தட்ட அந்த இடத்தின் அட்சரேகை அளவுக்கே, பதினோரு பாகை சாய்ந்திருப்பதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நிலவு ரேடியோ மூலங்களை மறைக்கும் கணத்தைப் பதிவதற்காகக் கட்டியது அது. அது கேட்கும் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஹைட்ரஜனின் 1420.4 கோடு விழ வேண்டுமானால் செம்பெயர்ச்சி 3.35 இருக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள், மிகப் பழைய காலத்து ஹைட்ரஜன் எங்கே விழும் என்று நீலகிரியில் நின்றுகொண்டே சொல்லிவிடலாம்.

பத்தாம் படி: தேதி எழுதுங்கள்

எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் தரவு எடுத்த நாளை எழுதுங்கள். 2013ல் என்ஜிசி 5548ஐப் பல தொலைநோக்கிகள் சேர்ந்து பார்த்தபோது, பல ஆண்டுகளாகத் திறந்திருந்த மையத்தின் முன்னால் புதிதாக ஒரு வாயு ஓட்டம் வந்து மென்மையான எக்ஸ் கதிரை மறைத்திருந்தது. 2005ன் எக்ஸ் கதிரையும் 2013ன் நிறமாலையையும் சேர்த்து ஒப்பிட்டிருந்தால் எட்டாம் படியில் கிடைக்கும் விகிதம் எதையுமே குறிக்காது. ஆஸ்ட்ரோசாட் போல இரண்டு அலைகளையும் ஒரே நேரத்தில் எடுக்கும் கருவியின் அருமை இங்கேதான் புரியும்.

தூசி எல்லையையும் காலத்தாலேயே அளக்கலாம். மையம் பளிச்சிட்டால், எல்லையில் இருக்கும் 1500 கெல்வின் தூசி சில காலம் கழித்து 2 மைக்ரான் அகச்சிவப்பில் பளிச்சிடும். ஒளி அங்கே போய்ச்சேர எடுத்த நேரம்தான் அந்தத் தாமதம். என்ஜிசி 4151ல் அது ஒன்றிலிருந்து இரண்டு மாதம் வரை.

பயிற்சிக்கு அந்த என்ஜிசி 4151ஐயே முதலில் எடுங்கள். அகன்ற கோடு, குறுகிய கோடு, மாறும் எக்ஸ் கதிர் மறைவு, புறஊதாக் கோடுகள் என்று மேலே சொன்ன எல்லாமே அதில் உண்டு. ஏப்ரல் இரவுகளில், கோடை மழைக்கு முன், நம் மலையிலிருந்து வடக்கே நல்ல உயரத்தில் வரும். சிறிய தொலைநோக்கியிலும் மங்கிய புள்ளியாகத் தெரியும். அடுத்து என்ஜிசி 1068. டிசம்பரில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே இருக்கும். அதில் நைட்ரஜன் கோடு ஹெச்-ஆல்ஃபாவையே விழுங்கப் பார்க்கும், ஆகவே நான்காம் படியை நன்றாகப் பழகிய பிறகு அதைத் தொடுங்கள்.